கொழுத்த வியாழன்

ட்ராம் ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் ஒரு திருகு உண்டு.
உட்காருகிறவரின் எடையை அதில் வைக்க வேண்டும்.
கடைசிக் கோடு நூற்று முப்பது.
நான் அதற்கும் இரண்டு கிலோ வெளியே இருந்தேன்,
பதினாறு வருடம்.

இன்று எழுபத்தெட்டில் வைத்தேன்.
கிறீச்சிட்டது,
ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டதுபோல.

மருத்துவர் அன்று கையெழுத்துப் போடவில்லை.
"இந்தச் சர்க்கரையோடா நூறு பேரை ஏற்றிக்கொண்டு போவீர்கள்?"
பணிமனையின் பின்கட்டில்
தொலைந்த பொருட்கள் அறைக்கு மாற்றினார்கள்.
இரண்டு குளிர்காலம்.
ஒற்றைக் கையுறைகள், ஒரு கிளாரினெட், ஒரு பல்செட்டு.
தேதி எழுதிச் சீட்டுக் கட்டி அலமாரியில் அடுக்குவேன்.
மாலையில் பவுட்டி சந்தைவரை நடப்பேன்,
திரும்பியும் நடப்பேன்.
நள்ளிரவில் குளிர்ப்பெட்டியின் முன் நின்று
அதைத் திறக்காமல் அழுதிருக்கிறேன்.
அதையெல்லாம் யாரும் எடைபோடுவதில்லை.

ஐம்பத்து நான்கு கிலோ.
என் தோழி போஷெனா
காலணியோடு அவ்வளவுதான் இருப்பாள்.
ஒரு முழு மனுஷி என்னிலிருந்து இறங்கிப் போயிருக்கிறாள்,
எந்த நிறுத்தத்தில் என்று கவனிக்கவில்லை.
கேட்டு யாரும் வரவில்லை.
நானும் சீட்டுக் கட்டவில்லை.

தோல் மட்டும் போகவில்லை.
விருந்தாளி போன பின்னும்
எடுத்து மடிக்காத விரிப்பாய்க் கிடக்கிறது வயிற்றின்மேல்.
கடைவாசலில் இன்னும் பக்கவாட்டில்தான் நுழைகிறேன்.
குளிர்கிறது.
ஐம்பத்தொரு வயதில், இந்த வூட்ஜ் நகரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு,
முதன்முறையாகக் குளிர்கிறது.

ஆண்கள் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.
நன்றி என்கிறேன்.
உள்ளே ஒருத்தி பல்லைக் கடிக்கிறாள்:
படியேற முடியாமல் மூச்சு வாங்கிய நாளில்
எங்கேயடா போயிருந்தீர்கள்?

மிரெக் இன்னும் கட்டிலின் ஓரத்தில்தான் படுக்கிறான்.
மெத்தையில் என் பள்ளம் அப்படியே இருக்கிறது,
நான்தான் அதற்குப் போதவில்லை.
போன வாரம் தூக்கத்தில்
அவன் முழங்கை என் இடுப்பெலும்பில் இடித்தது.
"மன்னிக்கணும், அம்மணி" என்றான்,
ட்ராமில் இடித்துவிட்ட அந்நியப் பெண்ணிடம் சொல்வதுபோல.
நான் விடியும்வரை விழித்திருந்தேன்.

இன்று கொழுத்த வியாழன்.
நோன்பு வருமுன் ஊரே பொன்ச்கி தின்னும் நாள்.
காலை ஐந்துக்கே பணிமனை மேஜையில்
எண்ணெய் ஊறிய அட்டைப்பெட்டிகள்.
"வியோலெட்டாவுக்கு எட்டு!" என்று கத்துவார்கள் அப்போதெல்லாம்.
ஒன்பதாவது பந்தயத்துக்கு.
சர்க்கரைத் தூள் மூக்கில் ஏற
எல்லோரும் சிரிக்க, நானும் சிரிக்க,
அந்த நாளின் திருவிழாவே நான்தான்.

இன்று நான் உள்ளே நுழைந்ததும்
ரிஷார்ட் பெட்டியை மூடினான்.
நல்ல எண்ணம்தான்.
மற்றவர்களின் தாடைகள் நின்றன,
இழவு வீட்டில் சிரித்துவிட்டவர்கள்போல.
"ஒன்று கொடு" என்றேன்.

கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிட ஓய்வு.
கண்ணாடியில் பனி.
கடித்தேன். மோவாயில் ரோஜா ஜாம்.
பாதியில் வயிறு சொன்னது: போதும்.
என் உடம்பில் அப்படி ஒரு சொல் இருப்பதே
இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது.
அதன் குரல் எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது.

கிழவர் ஒருவர் கைத்தடியால் கண்ணாடியைத் தட்டினார்.
ஆறரை வண்டியின் பழைய முகம்.
"முன்பு ஒரு பெரிய அம்மா ஓட்டுவாரே, செத்துவிட்டாரா?
ஓடி வருகிறவர்களுக்கு நிறுத்துவார்.
இப்போது எவன் நிறுத்துகிறான்?"

வாய் நிறைய இனிப்போடு தலையாட்டினேன்,
ஆம் என்றா, இல்லை என்றா,
எனக்கே தெரியாமல்.

கதவை மூடப்போனேன்.
பக்கக் கண்ணாடியில் ஒரு பையன்,
பள்ளிப்பை முதுகில் குதிக்க, சற்றுக் கனத்த பையன்,
சறுக்கிச் சறுக்கி ஓடி வந்துகொண்டிருந்தான்.

குறிப்பேட்டில் தாமதம் இரண்டு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
பனி என்று எழுதினேன்.